அந்த ஆல்பத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்களா?

நேற்று என் பதிவின் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்குப் பின்னணி சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அப்பா போனபிறகு அவருடைய ஸ்டாம்ப் ஆல்பங்களை நான் விற்றுவிட்டேன், அதற்குத்தான் இத்தனை பேச்சு. சித்தப்பா எழுதிய அந்த வரி, "அண்ணன் உயிரை எடைக்குப் போட்டுட்டா", இப்போது குடும்ப வாட்ஸப் குழுவிலும் சுற்றுகிறது. போனில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஊரறியச் சொன்ன பேச்சுக்கு ஊரறியத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். அப்பாவின் ஸ்டாம்ப் ஆல்பங்களை உங்களில் யாராவது ஒருமுறை திறந்து பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். ஞாயிறு மதியம் அப்பா சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, துணி விரித்து உட்காருவார். கையால் தொட விடமாட்டார், விரல் வியர்வை பட்டால் கறை ஏறும் என்பார். இடுக்கியால் எடுத்து என் கண்ணருகே காட்டுவார். தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த மலாயா ஸ்டாம்புகள் தனிப் பக்கம். ஆங்கிலேய ராஜாவின் தலைக்கு மேலேயே ஜப்பான்காரன் கறுப்பு மையில் 'டாய் நிப்பான் 2602 மலாயா' என்று அச்சடித்திருப்பான். 2602 என்பது ஜப்பானியக் கணக்கில் 1942. ஒரு நாடு கைமாறியதை விரல் நகம் அளவுக் காகிதத்தில் எனக்குக் காட்டியவர் அப்பா. சரித்திரப் புத்தகம் அப்புறம்தான் வந்தது.

காந்தி பக்கமும் அப்படித்தான். 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த வரிசை, சுவிட்சர்லாந்தில் அச்சானது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என்று நான்கு. அப்பா பென்சிலால் நான்கு கட்டம் போட்டு மூன்றை ஒட்டியிருந்தார். நான்காவது கட்டம் கடைசி வரை காலி. அந்தக் காலத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி எங்கள் வீட்டுக்குக் கடிதம் போட யார் இருந்தார்கள்? ஆனால் குழுவில் ஒருவர், காந்தி ஸ்டாம்ப் ஐந்து லட்சம் பவுண்டுக்குப் போனதாம், இவள் எவ்வளவுக்குக் கொடுத்தாளோ என்று எழுதியிருக்கிறார். 2017இல் அந்த விலைக்குப் போனது பத்து ரூபாய் ஸ்டாம்ப், அதுவும் ஸ்டாம்பின் மேலேயே 'சர்வீஸ்' என்று மறுபடி அச்சடித்தது, நான்கு சேர்ந்த துண்டு. கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்கென்று நூறே நூறு அச்சடித்தது. அப்பாவிடம் இருந்தது அந்தக் காலியான பென்சில் கட்டம். ஆல்பத்தைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஏமாந்துவிட்டேன் என்கிறீர்கள். இல்லை. விலைப் பட்டியல் புத்தகத்தில் இருப்பது வியாபாரி நமக்கு விற்கும் விலை, நம்மிடம் வாங்கும் விலை அல்ல. அதுவும் பழுதில்லாத ஸ்டாம்புக்கு. அப்பா அந்தக் கால வழக்கப்படி ஹிஞ்ச் என்ற சின்னக் கோந்துக் காகிதம் போட்டுத்தான் ஒட்டினார், பின்பக்கக் கோந்தில் அந்தத் தடம் இருக்கிறது. புதிய ஸ்டாம்புக்கு அதுவே விலையைக் குறைத்துவிடும். 2015 வெள்ளத்தில் பெட்டிகளைப் பரணில் ஏற்றிக் காப்பாற்றினோம், ஆனால் அந்த மழைக்காலத்து ஈரம் உள்ளே போய்ப் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. வருடத்துக்கு வருடம் அது பரவிக்கொண்டிருந்தது. பரணிலேயே வைத்திருந்தால் உங்கள் மனம் குளிர்ந்திருக்கும், ஸ்டாம்ப் மட்டும் மிஞ்சியிருக்காது.

வாங்கியவர் ஒரு முழு மாலை எங்கள் வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, காகிதத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் நீர்க்குறியைப் பார்த்தார். எனக்கு மிகவும் பிடித்த ஹங்கேரி முக்கோண ஸ்டாம்பைத் திருப்பிக் காட்டினார். முன்னால் அஞ்சல் முத்திரை விழுந்திருக்கிறது, பின்னால் கோந்து அப்படியே இருக்கிறது. எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படாமல், சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காகவே தாள் தாளாக முத்திரையடித்து அனுப்பியவை. எழுபதுகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கியவற்றில் பெரும்பாலும் இந்த ரகம்தான். அந்த ரக உதிரி ஸ்டாம்புகள் மட்டும் தனித்தனியாக விலை பேசாமல் மொத்தமாகப் போயின, மறைக்கவில்லை. மலாயா பக்கத்துக்கு வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போனபிறகு அந்தப் பக்கத்தை அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். அப்போதுதான் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நூலகத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர். கேட்டேன். ஒரு பீரோவில் வைத்துக்கொள்கிறோம், பராமரிக்க ஆள் கிடையாது என்றார்கள். பீரோ எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

பையனுக்கு வைத்திருக்கலாமே என்று சிலர். அவனைக் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். அவனுக்கு இதில் ஆசை இல்லை. ஆசை இல்லாதவன் தலையில் கட்டுவது அப்பாவுக்குச் செய்யும் மரியாதையா?

பணத்துக்காகத்தானே? சரி, பணத்துக்காகவும்தான். அதில் என்ன குற்றம்? அப்பாவுக்குக் கடைசி ஒன்றரை வருடம் டயாலிசிஸ் ஓடியது. வாரத்தில் மூன்று நாள் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய், நாலு மணி நேரம் வெளியே உட்கார்ந்து, திரும்பக் கூட்டி வந்தது நானும் அம்மாவும். அந்தக் கடனில் ஒரு சின்னப் பங்கைத்தான் இந்த ஆல்பங்கள் அடைத்தன. அப்பா சேர்த்தது அப்பாவின் கடனுக்குப் போனது. அன்று அவருடைய உயிரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. எப்படி இருக்கிறார் என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை.

சித்தப்பா, உங்களை மரியாதைக் குறைவாகப் பேச எனக்கு வராது. ஆனாலும் கேட்கிறேன். ஊரில் தாத்தா கட்டிய வீட்டை நீங்கள் விற்றபோது யாராவது உங்களை இப்படிச் சொன்னார்களா? பினாங்கில் அவர் வேலை பார்த்துச் சேர்த்த காசில் எழும்பிய வீடு அது. அப்பாவுக்கு மனசே இல்லை. இருந்தும் தம்பிக்குத் தேவை இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். நீங்கள் விற்றால் அது தேவை, நான் விற்றால் அது துரோகமா? மகன் விற்றால் குடும்பப் பொறுப்பு, மகள் விற்றால் பேராசையா? இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள். மற்றதை விட்டுவிடுகிறேன்.

தாத்தாவின் கடிதங்களையும் விற்றுவிட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பொய். போனவை ஸ்டாம்ப் ஒட்டிய உறைகள்தான். போர்க்காலத் தணிக்கை முத்திரை விழுந்த உறைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஸ்டாம்பை மட்டும் ஊறவைத்து உரித்தெடுத்தால் எந்த ஊரிலிருந்து எந்த வழியாக வந்தது என்ற கதையே போய்விடும், அதனால் உறையோடு கொடுத்தேன். உள்ளே இருந்த கடிதங்கள் அத்தனையும் என் அலமாரியில் இருக்கின்றன. 'தம்பிக்குச் சட்டைத் துணி அனுப்பியிருக்கிறேன்' என்று தாத்தா எழுதியது உட்பட. அந்தத் தம்பி நீங்கள்தான் சித்தப்பா. படிக்கக் கொடு என்று இதுவரை நீங்கள் கேட்டதில்லை.

அந்த வரியை நீக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அம்மாவும் முகநூலில் இருக்கிறார். நேற்று ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, "நான்தானே விக்கச் சொன்னேன், உன்னை ஏன் திட்டுறாங்க" என்று கேட்டார். ஆமாம், விற்கச் சொன்னது அம்மா. என்னிடம் பேச வேண்டாம். அவரிடம் பேசுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் எடுப்பார்.