ரிசல்ட்டுக்கு முன்னாலேயே கிளம்புகிறேன்

சி.ஏ. ஃபைனல் எழுதி முடித்தவர்களிடம் ஊரே கேட்பது இரண்டு கேள்விகள்தான். "எப்படி எழுதியிருக்க?", "ரிசல்ட் எப்போ?" அபூர்வமாக யாராவது "அதுவரைக்கும் என்ன செய்யப் போற?" என்று கேட்டால், ராஜஸ்தான் போய் தார் பாலைவனத்தில் தனியாகக் கார் ஓட்டப் போகிறேன் என்கிறேன். கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் அந்த யோசனை வரும்: "ரிசல்ட் வரட்டுமே, பாஸாயிட்டு நிம்மதியா போயேன்."

சொல்பவர்கள் எல்லோரும் என் நல்லதை நினைப்பவர்கள். ஆனாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஜனவரியில் எழுதினால் ரிசல்ட் வர மார்ச் தொடக்கம் ஆகிவிடும். பாஸானால் இண்டர்வியூ, வேலை, முதல் வருடம் லீவே கேட்கக் கூடாத நிலைமை. ஃபெயிலானால் மே மாதத் தேர்வு தலைமேல் நிற்கும். இரண்டில் எது நடந்தாலும் ஊர் சுற்ற நேரம் இருக்காது. பாலைவனமும் நமக்காகக் காத்திருக்காது. மார்ச் பாதியிலேயே அங்கே வெயில் ஏறத் தொடங்கும். ஜெய்சல்மேர் போகிற வழியில் இருக்கும் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது. ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் எனக்கும் அந்த ஊருக்கும் ஒத்துவருகிற காலம்.

நாட்காட்டியைவிட எனக்கு உறுத்துவது வேறு. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள், பன்னிரண்டாவதில் எடுத்தால் போன் என்று வளர்ந்தவர்கள் நாம். ஓய்வைக்கூட மார்க் போட்டுத்தான் கொடுப்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு பேப்பர், அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஒரே மேஜை. அந்தக் களைப்பு பாஸானவருக்கும் ஃபெயிலானவருக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு பேப்பரிலும் 40 மார்க், மூன்று பேப்பர் சேர்ந்த குரூப்பில் மொத்தமாக 50 சதவீதம் வாங்கினால்தான் எனக்குத் தூக்கம் கிடைக்கும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஏன் பாலைவனம் என்று என் கூட்டாளிகளே கேட்கிறார்கள். அவர்கள் கோவா போகிறார்கள், நன்றாகப் போய்வரட்டும். எனக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் குறுகிவிட்டது. எதுவும் மறைக்காத தூரம் வேண்டும். யாரும் "ஏழாவது கேள்விக்கு நீ என்ன எழுதின?" என்று கேட்காத இடமும் வேண்டும். கோவாவில் அது நிச்சயம் கிடைக்காது, ஏனென்றால் கேட்கப் போகிறவர்களே அங்கேதான் இருப்பார்கள்.

திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, நம் மனதில் இருக்கும் மணல்மேட்டுப் படம் தாரின் ஒரு பகுதிதான். சாம், குரி போன்ற இடங்களில் அந்த மேடுகள் உண்டு. மற்றபடி சாலையோரம் பெரும்பாலும் கல்லும் புதரும் வறண்ட வயலும்தான். நம் கோயில்களில் தல மரமாக நிற்கும் வன்னிதான் அங்கே கேஜ்ரி. அதன் காயைத்தான் சாங்ரி என்று சமைக்கிறார்கள். 1730இல் ஜோத்பூர் பக்கத்துக் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்த மன்னரின் ஆட்களைத் தடுத்து, அம்ருதா தேவி உட்பட பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் உயிரைவிட்டார்கள் என்பது வரலாறு. நம் ஊர் எருக்கும் வழியெல்லாம் இருக்கும். நமக்குப் பழகிய செடிகொடிகளைப் பார்த்துக்கொண்டே பாலைவனத்தில் ஓட்டலாம் என்பது எனக்குப் பெரிய தைரியம்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். ஜோத்பூருக்கு விமானத்தில் போகவில்லை. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டி வரை வாராந்திர ரயில் ஒன்று ஓடுகிறது, அதில்தான் போகிறேன். நேரம் வீண் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். தேர்வு எழுதி முடித்த உடம்பில் தூக்கக் கடன் எவ்வளவு என்று எழுதியவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கடனோடு நேராக ஸ்டியரிங் முன்னால் உட்காருவதுதான் இந்தப் பயணத்திலேயே ஆபத்தான காரியம். அதனால் அப்பர் பெர்த்தில் படுத்துத் தூங்கிக்கொண்டே போவது என் திட்டத்தின் முதல் பகுதி. வேண்டுமென்றே வைத்தது.

ஜோத்பூரில் செல்ஃப் டிரைவ் கார். அங்கிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர், நடுவில் பொக்ரான். 1974, 1998 அணுகுண்டுச் சோதனைகள் நடந்த பகுதி. அப்துல் கலாம் பெயரால் நமக்கெல்லாம் பழகிய ஊர். சோதனைத் தளத்துக்குள் விட மாட்டார்கள், ஆனால் ஊரில் ஒரு டீ குடிக்கத் தடையில்லை. திரும்பும்போது பார்மேர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன். அந்தச் சாலையில் ஜெய்சல்மேரை விட்டு சுமார் 17 கிலோமீட்டரில் ஆகல் என்ற இடம், ஜுராசிக் காலத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இப்போது மொட்டைப் பாறையாக இருக்கும் அந்த இடம் ஒரு காலத்தில் காடு.

பலரும் தவறவிடுவது சூரியனின் கணக்கு. ஜெய்சல்மேர் இந்தியாவின் மேற்கு ஓரம், கடிகாரம் மட்டும் நம்முடையது. ஜனவரி கடைசியில் அங்கே விடியவே ஏழே காலுக்கு மேல் ஆகும். நம் ஊர் வழக்கப்படி "காலையில் அஞ்சு மணிக்குக் கிளம்பிடலாம்" என்று கிளம்பினால் இரண்டு மணி நேரம் வரை இருட்டில் ஓட்டவேண்டும். அந்தச் சாலைகளில் இருட்டில் மாடு நிற்கும், நீல்காய் மான் குறுக்கே ஓடும், ஒட்டகம் நடக்கும். ஒட்டகத்தின் கால் உயரம், மோதினால் அதன் உடம்பு நேராகக் கண்ணாடிமேல்தான் வந்து விழும். அதனால் வெளிச்சம் வந்தபிறகு கிளம்பி, சூரியன் இறங்குமுன் அறைக்குத் திரும்பிவிடுவது. பெண் என்பதற்காக மட்டும் வைத்த விதி இல்லை இது. என் அண்ணன் போனாலும் இதையேதான் சொல்வேன், அவன் கேட்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

சாலைகள் நன்றாக, நேராக இருக்கின்றன என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த நேர்தான் பயம். வளைவே இல்லாத சாலை தாலாட்டும். மணிக்கொரு தரம் நிறுத்தி இறங்கி நடப்பது என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம் மணல். வாடகைக் காரோடு மணலில் இறங்கி ரீல்ஸ் எடுப்பவர்களைப் பார்க்கிறேன். எல்லைப் பக்கம் லோங்கேவாலாவில் 1971 டிசம்பரில் வந்த பாகிஸ்தான் டாங்கிகளே மென்மணலில் சிக்கி நின்றன, விடிந்ததும் நம் விமானங்கள் அவற்றை ஒவ்வொன்றாக அடித்தன. செயின் போட்ட டாங்கிக்கே அந்தக் கதி என்றால் டெபாசிட் கட்டி எடுத்த ஹேட்ச்பேக் எம்மாத்திரம்? தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரமும் இறங்காது. மேட்டில் ஏறவேண்டுமென்றால் காரை நிறுத்திவிட்டு நடந்து ஏறுவேன். சாமில் ராத்திரி டி.ஜே. போடும் முகாம்கள் நிறைய என்பதால் குரி பக்கம் தங்க நினைக்கிறேன்.

எல்லையோரம் இருக்கும் தனோட் மாதா கோயில் வரை போக ஆசை. ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், 1965 போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளைக் கோயிலிலேயே வைத்திருக்கிறார்கள், எல்லைப் பாதுகாப்புப் படைதான் அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறது. நடுவில் ராம்கட்டில் டேங்கை நிரப்பிக்கொண்டு, அங்கிருந்தே வீட்டுக்கு போன் செய்துவிட வேண்டும், அதற்குமேல் சிக்னலை நம்பக் கூடாது. தண்ணீர், பிஸ்கட், கம்பளி காரிலேயே இருக்கும், இரவில் அங்கே குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். கோயிலைத் தாண்டி எல்லைத் தூண்வரை போக அனுமதி வேண்டும், அது கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் சண்டை போடப் போவதில்லை.

கானமயில் என்ற அரிய பறவையைப் பார்த்துவிடுவேன் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. நாடு முழுக்க நூற்றைம்பதுக்கும் குறைவாகத்தான் மிச்சம், அதில் பெரும்பகுதி இந்த ஜெய்சல்மேர் பக்கம். பக்கவாட்டில் கண் உள்ள அந்தக் கனத்த பறவைக்கு எதிரே இருக்கும் மின்கம்பி தெரிவதில்லை, மோதிச் சாகிறது. காற்றாலை, சூரிய மின்சாரம் எல்லாம் அதே நிலத்தில்தான் வந்து குவிகின்றன. சுற்றுச்சூழல் கணக்கில் எதை வரவில் எழுதுவது, எதைச் செலவில் எழுதுவது என்று ஆடிட்டர்களுக்கே குழப்பம் வரும்.

அம்மாவுக்கு ஒரு தாளில் தங்கும் இடங்கள், தேதி, வண்டி எண், அந்தந்த ஊர் போலீஸ் நிலைய எண் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பா அதைப் படித்துவிட்டு, "எல்லாம் சரிதாம்மா, கூட யாரு வர்றா?" என்றார். தாளை மறுபடி அவரிடமே கொடுத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது ஸ்டெப்னியைச் சோதித்து வாங்கச் சொன்னார். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சம்மதம்.

பார்மேர்–ஜெய்சல்மேர் சாலையில், தேவிகோட் பக்கம், சமீபத்தில் கார் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சாலை எப்படி, நடுவில் சாப்பிட நல்ல தாபா எது என்று சொல்லுங்கள். ஜெய்சல்மேரின் பாலைவனத் திருவிழா பௌர்ணமியை ஒட்டி வரும், அந்த நாட்களில் அறை வாடகை எவ்வளவு ஏறும் என்று தெரிந்தாலும் உதவும். "ஏழாவது கேள்விக்கு என்ன எழுதின?" என்று கேட்பவர்களுக்கு மார்ச்சில் பதில் சொல்கிறேன்.