டெங்குவுக்குக் குடிசைப் பகுதி சாக்கடை காரணமா? தவறான தகவல்

காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "டெங்கு குடிசைப் பகுதி சாக்கடையில்தான் உருவாகிறது. அங்கிருந்து வேலைக்கு வருபவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்." இது தவறு.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பெருகுகிறது. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் வேறு வகை. அது பரப்புவது யானைக்கால் நோயை. ஏடிஸ் முட்டை காய்ந்த பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தாங்கும். மழைத் தண்ணீர் பட்டதும் பொரித்து, பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். பூட்டிக் கிடக்கும் நம் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள்: முற்றத்தில் அண்டா, கிடாரம், மாடியில் திறந்த தொட்டி. ஏடிஸ் பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. உங்களைக் கடித்தது பெரும்பாலும் உங்கள் தெருவிலேயே பிறந்த கொசுதான்.

தொடுவதாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ டெங்கு ஒட்டாது. குடிசைப் பகுதியிலும் டெங்கு வரும், சரி. குழாயில் தினமும் தண்ணீர் வராத இடத்தில் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? அது குடிநீர் வழங்கலின் குறை, அந்த மக்களின் குறை அல்ல. காய்ச்சல் வந்தாலே அன்றாடக் கூலி போகிறது. இந்தச் செய்தி, நலமாக இருப்பவரின் கூலியையும் பறிக்கிறது.

சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் கேளுங்கள். செய்தி உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.