பத்தாம் வகுப்பு முடிவதற்குள் சொல்ல வேண்டியது

சென்ற மே மாதம், பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுவாரம், மணப்பாறைப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில், எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். அரசுப் பள்ளியில் காமர்ஸ் குரூப் படித்தவள். லாங் சைஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில், காதில் விழுந்த படிப்புகளின் பெயர்களையெல்லாம் எழுதி வைத்திருந்தாள். பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. என்று இறங்கிய அந்தப் பட்டியலின் அடியில், பென்சிலால் மட்டும், ‘வக்கீல்?’ என்று இருந்தது. திருச்சிக்குப் பஸ் ஏறும்போதெல்லாம், திண்டுக்கல் சாலையில் நவலூர் குட்டப்பட்டைத் தாண்டித்தான் அவள் போய் வந்திருக்கிறாள். தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அதில் சேர கிளாட் என்னும் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பதும், எந்தக் குரூப் படித்தவரும் அதை எழுதலாம் என்பதும், அந்த ஆண்டுக்கான தேர்வு முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்பதும், விண்ணப்பம் நிரப்பித் தரும் தம்பி சொல்லித்தான் அன்று அவளுக்குத் தெரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் ஏழு ஆண்டுகள் அவள் படித்த பள்ளியில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

அரசுச் சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருவதால், அவளுக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது, விண்ணப்பித்திருக்கிறாள். ஆனால் அந்தப் பென்சில் கேள்விக்குறி என் மனத்தை விட்டு அகலவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ என்னும் வழிகாட்டல், திறன் பயிற்சித் திட்டமும், அதையொட்டி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மேற்படிப்புகளை விளக்கும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் எத்தனையோ பிள்ளைகளைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டு சேர்த்திருக்கின்றன. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பற்றி ஊர்ப்புறப் பெற்றோர் விசாரித்து வருவதை நானே பார்த்திருக்கிறேன். என் ஆதங்கம் காலத்தைப் பற்றியது. பொதுத்தேர்வு மார்ச்சில் வருகிறது. கிளாட் டிசம்பரிலும், பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினின் முதல் கட்டம் ஜனவரியிலும் முடிந்துவிடுகின்றன. தேர்வெல்லாம் எழுதி முடித்த பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார வைத்துச் சொல்லும்போது, சில கதவுகள் ஏற்கெனவே சாத்தப்பட்டிருக்கின்றன.

அதைவிடப் பெரிய கதவு பத்தாம் வகுப்பு முடிவிலேயே சாத்தப்படுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை எந்தக் குரூப் எடுக்கிறது என்பதைப் பெரும்பாலான பள்ளிகளில் மதிப்பெண்ணும், அங்கே எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார் என்பதும்தான் முடிவு செய்கின்றன. கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்த பிள்ளைக்குப் பொறியியல் படிப்புகளில் பெரும்பாலானவை கைநழுவிப் போய்விடும் என்பதைச் சேர்க்கை நாளன்று யாராவது நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்களா? பட்டயக் கணக்காளர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் முதல் படியான ஃபவுண்டேஷன் நிலைக்குப் பத்தாம் வகுப்பு முடித்ததுமே பதிவு செய்துகொள்ளலாம் என்பது எத்தனை காமர்ஸ் வகுப்பறைகளில் பேசப்படுகிறது? ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பற்றியோ, மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் என்ற தொனியில்தான் பேச்சு வருகிறது. கையில் வேலை பழக விரும்பும் பிள்ளையின் காதில் அது ஒரு தண்டனை போல விழுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் ஒன்று.

மேற்படிப்புக்கும் வேலைக்கும் பள்ளியே வழிகாட்ட வேண்டும் என்ற இந்தக் கோரிக்கை புதியதும் அன்று. 1952-53இல், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, பயிற்சி பெற்ற வழிகாட்டி அலுவலர்களின் பணி படிப்படியாக எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1964-66இல் கோத்தாரி குழு, பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகராவது வந்து போக வேண்டும் என்று கணக்கே போட்டுக் கொடுத்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பொறுப்பு, ஏற்கெனவே இரண்டு வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரங்களையும் பதிவேற்றிக்கொண்டிருக்கும் முதுகலை ஆசிரியர் ஒருவரின் தலையில்தான் கூடுதல் சுமையாக விழுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு நெருக்கும் அதிகாரிகள், இந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தோம் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டுமே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். படித்த வீட்டில் சித்தப்பாவோ அத்தையோ வழி சொல்லிவிடுவார்கள். முதல் பட்டதாரிச் சான்று வாங்க இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் வீட்டில், அந்தப் பிள்ளைக்கு முன்னால் அந்த வழியில் நடந்தவரே கிடையாது. அங்கே பள்ளிக்கூடம்தான் சித்தப்பா, பள்ளிக்கூடம்தான் அத்தை. இன்ன படிப்பில் சேர் என்று பள்ளி முடிவு செய்து தர வேண்டாம். எந்த வழி எங்கே போகிறது, அதில் ஏற என்ன பாடம் வேண்டும், எந்த மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டால், முடிவைப் பிள்ளையும் வீடும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும்.

எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கென்று கால அட்டவணையிலேயே எழுதி ஒதுக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பே பெற்றோரை அழைத்து, ஒவ்வொரு குரூப்பும் எதைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்று விளக்க வேண்டும். நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பத் தேதிகளை ஜூன் மாதமே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அந்தப் பெண்ணின் தம்பி இப்போது அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான்.