அம்மாவின் முட்டியும் அந்த முக்கால் மணி நேரமும்

அம்மாவுக்கு வயது 67. மூன்று வருடமாக முட்டி வலி. காலையில் எழுந்ததும் முதல் பத்தடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான். மாடி ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முகம் கோணும். இந்த வருடம் மொட்டை மாடியில் வடாம் போடவில்லை. எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஜவ்வு தேஞ்சிருக்கு, வயசானா அப்படித்தான்" என்றார், மாத்திரை எழுதினார். காத்திருந்தது இரண்டரை மணி நேரம், உள்ளே இருந்தது நான்கு நிமிடம். மாத்திரை வலியைக் குறைத்தது உண்மை. கூடவே வயிற்று எரிச்சலும் வந்தது. சுகர் இருக்கிறவர், கிட்னி வேறு என்னாகுமோ என்று எனக்குப் பயம்.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா சொல்லி, சீன ஊசி வைத்தியமான அக்குபங்சருக்குப் போனோம். அங்கே போனால் யாருக்கும் அவசரமில்லை. ஊசி போடுகிற பெண்மணி முதலில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். தூக்கம் எப்படி, பசி எப்படி, மருமகள் எப்படி என்றுகூடக் கேட்டார். பிறகு முட்டிச் சிப்பிக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கிற பள்ளத்தில் தலைமுடி போல மெல்லிய ஊசி. சீனத்தில் அந்த இடத்துக்கு ‘முட்டிக்கண்’ என்று பெயராம். அங்கிருந்து நாலு விரல் கீழே ஒன்று. அப்படியே முக்கால் மணி நேரம் படுக்க வைத்தார். ஆறாவது தடவைக்குப் பிறகு அம்மா சுவரைப் பிடிக்காமல் அடுப்படிக்கு வந்தாள். நான் கண்ணால் பார்த்தேன், மறுக்க மாட்டேன்.

ஆனால் எனக்கு மனசு அடங்கவில்லை. தேடிப் படித்தேன். ஜெர்மனியில் முட்டித் தேய்மானம் உள்ள சுமார் 1,000 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், முடிவு 2006இல் வந்தது. ஒரு குழுவுக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொரு குழுவுக்கு அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடங்களில், தோல் மட்டத்தில், சும்மா பேருக்கு ஊசி. மூன்றாவது குழுவுக்கு டாக்டரைப் பார்ப்பது, வலி மாத்திரை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முறையான ஊசியில் 53 சதவீதம், பேருக்குக் குத்தியதில் 51 சதவீதம், டாக்டர் மாத்திரையில் 29 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் அரை நாள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அக்குபங்சர்காரர்கள் 53ஐயும் 29ஐயும் மட்டும் போஸ்டராக அடிப்பார்கள். எதிர்ப்பவர்கள் 53ஐயும் 51ஐயும் காட்டிச் சிரிப்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. நாடுகளும் அப்படித்தான். ஜெர்மனி 2007இல் முட்டி வலிக்கான அக்குபங்சரைப் பொதுக் காப்பீட்டில் சேர்த்துவிட்டது. 2019இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் அமைப்பு ‘வேண்டுமானால் செய்து பார்க்கலாம்’ என்ற ரகத்தில் பரிந்துரைத்தது. எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் தேய்மானத்துக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்றே எழுதிவிட்டது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஊசி எந்த இடத்தில் இறங்குகிறது என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அப்படியானால் அம்மாவின் வலியைக் குறைத்ததில் பெரும்பங்கு அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான். ஒருத்தர் முட்டியைத் தொட்டுப் பார்க்கிறார், பேச்சை முழுசாகக் கேட்கிறார், குணமாகும் என்று நம்பிக்கையாகச் சொல்கிறார். ‘எல்லாம் மனசுதான்’ என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. வலியே மூளையில் உணரப்படுவதுதானே. நான்கு நிமிட டாக்டரிடம் கிடைக்காதது அங்கே கிடைத்தது. ஆனால் தேய்ந்த ஜவ்வு வளர்ந்துவிட்டது என்று மட்டும் யாரும் நம்ப வேண்டாம்.

சண்டை வந்தது வேறு இடத்தில். எட்டாவது தடவை போய்விட்டு வந்த அம்மா, "சுகர் மாத்திரைய மெதுவா விட்டுடச் சொன்னாங்கடா, உடம்பே பாத்துக்குமாம்" என்றாள். நாலு நாளாக விட்டும் இருக்கிறாள்! குளுக்கோமீட்டரில் 310 காட்டியது. அன்றைக்கு நான் போட்ட சத்தம் எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும். முட்டிக்கு ஊசி போடுகிறவர் முட்டியோடு நிற்க வேண்டும். ‘மருந்தே வேண்டாம்’ என்று சொல்கிற ஹீலர் யாராக இருந்தாலும், அவருக்கு எவ்வளவு கைராசி இருந்தாலும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று. இங்கிலாந்தில் முட்டித் தேய்மானம் உள்ள 352 பேரிடம் செய்து 2007இல் வெளிவந்த ஆய்வில், உடற்பயிற்சியும் ஆலோசனையும் எல்லோருக்கும் கொடுத்து, சிலருக்கு மட்டும் கூடவே அக்குபங்சரும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஊசியால் வலி கூடுதலாகக் குறையவில்லை. நைஸ் அமைப்பும் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் சொல்வது பயிற்சியைத்தான். தொடைத் தசை வலுவானால் முட்டிக்கு முட்டுக் கொடுக்கும். எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறதாம். காசு செலவில்லாத விஷயம். அதனால்தானோ என்னவோ எங்களுக்கு யாரும் சொல்லவேயில்லை.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனோம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்கச் சொன்னார். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னார். முதல் வாரம் "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று அம்மா முனகினாள். இப்போது இரண்டு மாதமாகிறது. சீரியலில் விளம்பரம் வந்தால் கால் தானாக நீளுகிறது.

மாதம் ஒரு தடவை ஊசிக்கும் போகிறாள். நான் தடுக்கவில்லை, ஆட்டோவுக்குக் காசும் கொடுக்கிறேன். கிளம்பும் முன் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்துவிடுகிறேன். "நம்பிக்கையே கிடையாதுடா உனக்கு" என்று திட்டிக்கொண்டேதான் ஆட்டோவில் ஏறுகிறாள், இப்போதெல்லாம் என் தோளைப் பிடிக்காமல்.