2007-க்கு ஒரே ஒரு வரிதானா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் அதிர்ச்சித் தோல்விகளைப் பற்றிய இந்தக் கட்டுரை அருமை. ஆனால் 2007-ஐ ஒரே வரியில் கடந்துபோனதுதான் மனசு கேட்கவில்லை.

செப்டம்பர் 1, மிச்சிகன் அணியின் சொந்த ஊரான ஆன் ஆர்பர். தரவரிசையில் ஐந்தாவதாக இருந்த மிச்சிகன், இரண்டாம் அடுக்கு அணியான அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றது. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோலை (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளிகள் எடுக்கும் முயற்சி) அப்பலாச்சியன் வீரர் கோரி லிஞ்ச் பாய்ந்து தடுத்து, பந்தை அள்ளிக்கொண்டு ஓடினார். ஒரு லட்சத்துக்கும் மேலானோர் நிறைந்த மைதானம் அப்படியே உறைந்துபோனது. இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

அடுத்த மாதமே ஸ்டான்ஃபோர்டு, பலம்வாய்ந்த யுஎஸ்சியை (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக அணி) அதன் சொந்த மண்ணில் 24-23 என்று வீழ்த்தியது. அப்புறம் டிசம்பர் 1 அன்று முதலிடத்து மிசௌரி, இரண்டாமிடத்து வெஸ்ட் வர்ஜீனியா இரண்டுமே காலி! அதிலும் வெஸ்ட் வர்ஜீனியா, ஏழு ஆட்டங்களில் தோற்றிருந்த பிட்ஸ்பர்கிடம், சொந்த ஊரிலேயே 13-9 என்று விழுந்தது. அன்று ஜெயித்திருந்தால் நேராக இறுதிப் போட்டிதான்.

கடைசியில் இரண்டு தோல்விகளோடு எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி) தேசிய சாம்பியன் கோப்பையைத் தூக்கியது. அதை அதிர்ஷ்டம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது தோற்ற அந்த இரண்டு ஆட்டங்களும், வழக்கமான நேரத்தில் சமனாகி, மூன்றாவது கூடுதல் சுற்று வரை போனவை.