ஐ.எம்.பி. யோசனை யாருடையது? ஒரு திருத்தம்

வெஸ்லி கிளார்க் மருத்துவ ஆய்வகங்களுக்கு லிங்க் கணினியை வடிவமைத்தவர் மட்டுமே என்றும், இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்பாநெட்டின் ஐ.எம்.பி. என்னும் இடைமுகக் கணினிகளைப் பற்றிய யோசனை அவற்றைக் கட்டிய போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தினுடையது என்றும் இங்கே பகிரப்படுகிறது.

முதற்பகுதியில் வரும் லிங்க் பற்றிய செய்தி சரியே. 1962-இல் உருவான அக்கணினியை, மறு ஆண்டு கோடையில் ஆய்வாளர்கள் எம்.ஐ.டி.க்கு வந்து தங்கள் கையாலேயே பாகம் பாகமாகப் பொருத்தி எடுத்துச் சென்றனர். ஆனால் இரண்டாவது கூற்று, அன்புகூர்ந்து கவனிக்கவும், கால வரிசைக்குப் பொருந்தவில்லை. பெரிய கணினிகளை நேரடியாக இணைத்து அவற்றின் மீதே வலையமைப்பின் சுமையை ஏற்றாமல், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு கணினியை வைத்து அப்பணியை அதனிடம் விட்டுவிடலாம் என்று, 1967 ஏப்ரலில் ஆன் ஆர்பரில் நடந்த கூட்டத்தையொட்டி அர்பாநெட் திட்டத்தை வழிநடத்திய லாரி ராபர்ட்ஸிடம் சொன்னவர் கிளார்க்தான். ஐ.எம்.பி. என்ற அச்சிறு கணினிகளைக் கட்டும் ஒப்பந்தம் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்துக்குக் கிடைத்ததோ அதற்கு ஓராண்டுக்கும் மேல் கழித்துத்தான். யோசனையை இயங்கும் கருவியாக்கிய பெருமை அதன் பொறியாளர்களுக்கு உண்டு, அது சிறியதன்று.

சரிபார்க்க விரும்புவோர், 1967 அக்டோபரில் காட்லின்பர்க் மாநாட்டில் ராபர்ட்ஸ் அளித்த கட்டுரையில் ஐ.எம்.பி. என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதையும், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பாபேஜ் நிறுவனம் இணையத்தில் வைத்துள்ள கிளார்க்கின் வாய்மொழி வரலாற்று நேர்காணலையும் பார்க்கலாம்.