இளையோர் நாவல்களுக்குச் சலுகை மதிப்பெண் வேண்டாம்

இளையோர் நாவல்கள் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சி, "அதெல்லாம் ஒரு எழுத்தா?" என்று கேட்கும். இன்னொரு கட்சி, "பிள்ளைகள் எதையோ படிக்கிறார்களே, அதுவே பெரிது, விடுங்கள்" என்று சமாதானம் சொல்லும். எனக்கு இரண்டாவது கட்சி மீதுதான் கோபம் அதிகம். பதினைந்து வயதில் விரும்பிப் படிக்கும் புத்தகங்களில்தான் ஒருவருடைய ரசனை உருவாகிறது. அந்த வயதுக்கு எதைக் கொடுத்தாலும் போதும் என்பது அந்த வாசகரை மதிக்காத பேச்சு.

முதல் கட்சியும் புத்தகத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. எளிய நடையையும் மோசமான நடையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2008இல் வந்த சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள், அளவான வர்ணனை. காட்னிஸ் என்ற பெண்ணே தன் கதையை நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டு போகிறாள். இந்த நிகழ்காலம் வெறும் வேகத்துக்காக வைத்தது இல்லை. நடந்து முடிந்ததாக ஒருவர் கதை சொன்னால், அவர் பிழைத்துவிட்டார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஒருவர் மட்டுமே உயிரோடு திரும்ப முடியும் என்ற போட்டியில் அது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. காட்னிஸுக்கு நின்று யோசிக்க நேரமே கிடையாது. அவளோடு போட்டியில் இருக்கும் பீட்டா தன்னை நேசிப்பதாகச் சொல்வது, போட்டியை ஒளிபரப்பும் கேமராவுக்கான நடிப்பு என்றே நம்புகிறாள். அவன் நடிக்கவில்லை என்பது அவளுக்கு முன்பே நமக்குப் புரிந்துவிடுகிறது. அதுவும் அவளே சொல்லும் விவரங்களிலிருந்து: சிறுமியாகப் பசியில் சுருண்டு கிடந்த அவளுக்கு அவன் தூக்கிப் போட்ட கருகிய ரொட்டி, அதற்காக அவன் வாங்கிய அடி. கதை சொல்பவருக்கே புரியாததை அவர் வாயாலேயே வாசகருக்குப் புரியவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இதை "எளிய எழுத்து" என்று ஒதுக்குபவர்கள் அப்படி ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்.

'தி ஹங்கர் கேம்ஸ்' பெற்ற வெற்றிக்குப் பிறகு வந்த பல நாவல்கள் நிகழ்காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எதற்கு என்பதை விட்டுவிட்டன. இவற்றைத்தான் நாம் கறாராக விமர்சிக்க வேண்டும். நாயகியின் இதயம் பக்கத்துக்குப் பக்கம் படபடக்கிறது. அடக்கி வைத்திருந்ததே தெரியாத மூச்சை அவள் மெல்ல வெளியே விடுகிறாள் (இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை நாவல்களில் படித்துவிட்டேன்!). பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று எழுதி, அடுத்த வரியில் அதையே மறுபடி விளக்குகிறார்கள். படிப்பவருக்குத் தானாகப் புரியாது என்று நினைக்கிற எழுத்து இது.

2005இல் வந்த 'ட்வைலைட்' என்ற காதல் நாவல் விஷயத்தில் எனக்குப் பாராட்டும் உண்டு, குறையும் உண்டு. ஒருவரைப் பற்றியே ஓயாமல் நினைக்கும் முதல் காதலின் பித்து அதில் உண்மையாக இருக்கிறது, ஈர்ப்பும் அதுதான். அதை விரும்பிப் படித்த பெண்களின் ரசனையைக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நாயகன் எட்வர்டின் அழகைத் திரும்பத் திரும்ப அதே தொனியில் சொல்வதைப் பாதியாவது வெட்டியிருக்கலாம்.

உணர்ச்சியைச் சொல்லாமலே கொண்டுவர முடியும் என்பதற்கு 1999இல் வந்த லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' போதும். மெலிண்டா பள்ளியில் கிட்டத்தட்ட பேச்சையே நிறுத்திவிடுகிறாள். ஏன் என்று நேராகச் சொல்ல அவளால் முடியவில்லை. அத்தியாயங்கள் துண்டு துண்டாக இருக்கின்றன, உரையாடலில் அவள் பதில் சொல்ல வேண்டிய இடங்கள் சில காலியாகவே கிடக்கின்றன. தனக்கு நடந்த கொடுமையைத் தனக்குள்ளேயே நெருங்கப் பயப்படுகிற மனம் அந்த வடிவத்திலேயே தெரிகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை படிக்கக்கூடிய மொழிதான். கனமும் குறையவில்லை.

அப்புறம், பெரியவர்கள் இவற்றைப் படிக்கலாமா என்ற கேள்வி. 2014இல் ஸ்லேட் என்ற அமெரிக்க இணைய இதழில் வந்த ஒரு கட்டுரை, சிறுவயதினருக்காக எழுதியதைப் படிக்கப் பெரியவர்கள் கூச்சப்பட வேண்டும் என்றது. இந்தக் கதைகளின் முடிவுகள் வாசகரை எளிதாகத் திருப்திப்படுத்திவிடுகின்றன என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. பல நாவல்களுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் வயதுக் கணக்கை வைத்து ஒரு வகையையே தள்ளிவிட முடியாது. ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' 2017இல் வந்தது. அண்ணனைச் சுட்டவனைப் பழிவாங்கத் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்குகிறான் வில். ஏறத்தாழ ஒரு நிமிடப் பயணம். வழியில் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். கதை முழுக்கக் கவிதை வடிவம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கடைசியில் அவர்கள் வெளியே இறங்கி, நீயும் வருகிறாயா என்று கேட்கிறார்கள். வில் என்ன செய்தான் என்று ரெனால்ட்ஸ் சொல்லவே இல்லை. அவன் போகவில்லை என்பதுதான் என் எண்ணம். படித்தவர்கள் உங்களுக்கு என்ன தோன்றியது என்று சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.